பெத்தவன் ஒருத்தன்... பேரு வாங்கினவன் ஒருத்தன்!

ஜீப் தெரியாதவர் உண்டா? தாசில்தார் வந்து இறங்கியது ஜீப். போலீஸ் அள்ளிக்கொண்டு போனது ஜீப். தேர்தல் வந்தால் மைக் கட்டி ஊரைக் கலக்கியதும் ஜீப். அந்த ஜீப்பை முதலில் செய்தவன் யார் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் வில்லிஸ் என்பார். இன்னொருத்தர் ஃபோர்டு என்பார். ரெண்டும் தப்பு!

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து ஹைன்ஸ் மியூசியத்தில் ஒரு பழைய ராணுவ ஜீப் நிற்கிறது. ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குச் சொந்தமானது. 1940-ல் செய்தது. செல்லப் பெயர் 'கிராம்ப்ஸ்'. நம்ம பாஷையில் தாத்தா! மிஞ்சியிருக்கும் ஜீப்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. செய்தது பான்டம். பட்லர் என்ற சின்ன ஊரில், பணமுடையில் தத்தளித்த சின்ன கார் கம்பெனி.

49 நாள் கெடு!

ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு கிடந்த நேரம். நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி வண்டி வந்து நிற்கணும் என்றது அமெரிக்க ராணுவம். 135 கம்பெனிகளுக்குக் கடுதாசி போச்சு. முன்வந்தது ரெண்டே ரெண்டு. அதிலும் 49 நாளுக்குத் தலையாட்டியது பான்டம் மட்டும்தான்.

கார்ல் புரோப்ஸ்ட் என்ற எஞ்சினீயரைக் கூப்பிட்டார்கள். ஆர்டர் கிடைத்தால்தான் சம்பளம்! மனுஷன் ரெண்டே நாளில் வரைபடம் போட்டுவிட்டார். செப்டம்பர் 23-ந் தேதி, கெடு முடிய அரை மணி இருக்கும்போது வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. அந்த வண்டியை வில்லிஸ், ஃபோர்டு ஆட்களுக்கு ராணுவமே காட்டியது. வரைபடத்தையும் கொடுத்தது. 1941-ல் பெரிய ஆர்டர் வில்லிசுக்கு. பிறகு ஃபோர்டுக்கும். ரெண்டு பேரும் செய்து தள்ளியது 6 லட்சத்துக்கு மேல். பான்டம் செய்தது 3 ஆயிரம்கூட இல்லை. ஜீப்பைப் பெத்தவனுக்கு, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் செய்கிற வேலை! கரையான் புற்றெடுக்க கருநாகம் குடியேறிய கதைதான்.

பேர் கொடுக்க காசா?

யுத்த காலம், சின்ன பட்டறையால் லட்சக்கணக்கில் செய்ய முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வில்லிஸ் எஞ்சினுக்குப் பலமும் அதிகம். ஆர்டரைப் பெரியவனுக்கே கொடுக்கட்டும். பேரையும் ஏன் சேர்த்துக் கொடுக்கணும்? அதற்குக் காசா பணமா?

ஜீப்பைப் படைத்தவன் நானே என்று வில்லிஸ் விளம்பரம் செய்தது. அது கூடாது என்று அமெரிக்க மத்திய வர்த்தக கமிஷன் 1948-ல் தீர்ப்புச் சொன்னது. என்ன பிரயோஜனம்? 1950-ல் 'ஜீப்' என்ற பேரையே வில்லிஸ் பதிவு செய்துகொண்டது. நமக்கு ஜீப் வந்ததும் அவர்கள் வழியாகத்தான். மஹிந்திரா கம்பெனி உரிமம் வாங்கி பம்பாயில் பூட்டியது வில்லிஸ் ஜீப்பை. பான்டம் பேர் நம் காதில் எப்படி விழும்?

இதனால்தான் அந்த தாத்தா வண்டி முக்கியம். விளம்பரம் புளுகும். இரும்பு புளுகாது. எடைக்குப் போட்டிருந்தால் சாட்சியே போயிருக்கும்!

எந்த ஊர் மியூசியம் ஆனாலும் சரி, பழைய வண்டி நிறுத்தினால் ஜெனரல் ஏறினார், மந்திரி ஏறினார் என்று மட்டும் போர்டு எழுதாதீர்கள். வரைந்தவன் யார், பூட்டியவன் யார் என்றும் ரெண்டு வரி எழுதுங்கள்.

இங்கேயும் என்ன வாழுதாம்? ஃபைலில் ராத்திரி பகலாக நோட்டு எழுதுகிறவர் கிளார்க். சபாஷ் வாங்குகிறவர் மேலதிகாரி. லேத்துப் பட்டறையில் புதுசாக ஒரு சாமானைக் கண்டுபிடிக்கிறவன் எண்ணெய்க் கையோடு நிற்கிறான். முதலாளி போட்டோவுக்கு நிற்கிறார். கூலி குறைந்தால்கூட மனுஷன் தாங்குவான் சார்... பேரைப் பறித்தால்?