சட்டி பானையோடு மூன்று நாள்



நம்மில் பயணம் போகாத பெண் யார் இருக்கிறாள்? 1990 இல் சட்டி பானையை உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். 2004 மார்கழியில் அதுவும் இல்லாமல் கட்டின சீலையோடு ஓடினோம். 2006, 2007 இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் எத்தனை குடும்பங்கள் மூட்டையோடு வந்தன என்பதைக் கண்ணால் கண்டோம். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரி, கச்சேரி, சிறைச்சாலை, ஆணைக்குழு என்று அலைந்தோம். இவற்றில் ஒரு பயணத்துக்காவது நாமாக நாள் குறித்தோமா? இல்லை. ஆற்றில் குளிக்க, மலையைப் பார்க்க, வாய்விட்டுச் சிரிக்க என்று போன பயணங்களை எண்ணச் சொன்னால், ஒரு விரல்கூட மடக்க முடியாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

எங்கள் சேமிப்புக் குழுவிலும் அப்படித்தான். அதனால் ஒரு முடிவெடுத்தோம். 22 பெண்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து, ஆவணி விடுமுறையில் மூன்று நாள் போய் வந்தோம். அந்தப் பயணத்தில் நடந்த இடைஞ்சல்களையும், கிடைத்த சின்னச் சின்னச் சந்தோசங்களையும்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் நம் உறவுகள் சிலர் வீடு போன்ற வாகனத்தில் ஊர் சுற்றிய படங்களை அனுப்புவார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நமக்கு இது புதிதா? நம் அம்மம்மாமார் கூடார வண்டில் கட்டி, அரிசி, தேங்காய், பாய், தலையணையோடு கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்துக்குப் போவார்கள். வண்டிலுக்குள் குழந்தை தூங்கும். வண்டிலுக்குக் கீழே அடுப்பு எரியும். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் இன்றும் தம் சமையலைத் தாமே தூக்கிக்கொண்டு உகந்தை, குமண, யால காடுகளைக் கடக்கிறார்கள். யுத்த காலத்தில் அந்தக் காட்டுப்பாதை பல வருடங்கள் நமக்கு அடைபட்டுக் கிடந்தது.

எங்களுடையது நடைப்பயணம் இல்லை. வீட்டு வாகனமும் இல்லை. 26 இருக்கை பஸ் ஒன்று. பின் ஆசனங்களில் அரிசி, மரக்கறி, இரண்டு பெரிய பானை, ஒரு காஸ் அடுப்பு, பத்துப் பாய், இரண்டு வாளி. அவ்வளவுதான்.

காசுக் கணக்கைக் கேட்பீர்கள். 2022 இல் எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்று களைத்த பிறகு தொடங்கிய சேமிப்பு இது. மாதம் 500 ரூபாய், பன்னிரண்டு மாதம். ஆளுக்கு 6,000, மொத்தம் 132,000. பஸ் கூலி போக மிச்சத்தில் சாப்பாடும் தங்குமிடச் செலவும் முடிந்தன.

காசைவிடக் கடினமாக இருந்தது ஊர் வாய். “புருஷன் இல்லாதவளுக்குச் சுத்துலா ஒரு கேடா?” என்று ஒருவருக்கு நேரிலேயே சொன்னார்கள். கோயிலுக்கு என்றால் சரி, மலை பார்க்க என்றால் பிழை என்று இன்னொருவரின் மகனே தடுத்தார். கதிர்காமம் போகிறோம் என்று சொன்னதால் பாதிப் பேருக்கு அனுமதி கிடைத்தது. முருகன் துணை என்பது இதுதான்!

போன வழி

நம் ஊரால் போகிற பிரதான வீதி கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் சுற்றி மட்டக்களப்பில் முடிகிற ஏ4 வீதி. அதன் வால் நம் வாசலில் கிடக்கிறது. விடிய நாலு மணிக்கு அதில் ஏறினோம். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் கழிந்து கோமாரியில் விடிந்தது. கடற்காற்றில் இருந்து புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். பொத்துவிலில் பஸ் மேற்கே திரும்பியதும் கடல் மறைந்து காடு வந்தது. லகுகல குளத்தருகே யானைகள் தெரிகின்றனவா என்று எல்லோரும் ஒரு பக்கம் சாய, சாரதி கத்தினார்.

சியம்பலாண்டுவவில் பொலிஸ் மறித்தது. அந்த நொடியில் நான் பார்த்ததை மறக்க மாட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. 22 கைகளும் பைக்குள் போய் அடையாள அட்டையோடு வெளியே வந்தன. இரண்டு பேர் இறங்கி நடக்க எழும்பியும் விட்டார்கள். பொலிஸ்காரர் சாரதியின் அனுமதிப்பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பஸ் நகர்ந்த பிறகு முன்னால் இருந்த மாமி, “அட்டையை வையுங்ககா, ஆருக்குக் காட்டுறீங்க?” என்றார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. சிலருக்கு வந்தது சிரிப்பினால் மட்டும் வந்த கண்ணீர் இல்லை.

அங்கிருந்து அரை மணித்தியாலத்தில் பின் ரயர் வெடித்தது. மாற்று ரயரிலும் காற்று இல்லை. சாரதி அதைத் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் போனார். மதியம் ஆகிவிட்டது, அங்கேயே சமைப்போம் என்று இறக்கினால், காஸ் சிலிண்டர் இருக்கிறது, ரெகுலேட்டரைக் காணவில்லை. யார் விட்டது என்று ஐந்து நிமிடம் வாக்குவாதம். பிறகு மூன்று கல், சுள்ளி விறகு. முகாமில் அடுப்பு மூட்டிய கைகள்தானே, பத்து நிமிடத்தில் உலை கொதித்தது.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சிங்களப் பெண் வந்து பார்த்தார். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் நாலு வருடம் வேலை செய்த தங்கச்சி ஒருத்தி எங்களோடு இருந்தாள். அவளுடைய சிங்களம் அன்றைக்குப் பெரிய உதவி. அந்த அம்மா கிணற்றைக் காட்டினார், காய்ந்த விறகு தந்தார், மலசலகூடத்துக்கு ஒவ்வொருவராக வரச் சொன்னார். உள்ளே போனால், சுவரில் சீருடையோடு ஒரு பொடியனின் படம். பிளாஸ்டிக் மாலை, சின்ன விளக்கு. நம் வீடுகளிலும் இப்படி ஒரு சுவர் இருக்கிறது. யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சோறு வெந்ததும் முதல் தட்டு அவருக்குப் போனது.

புத்தல வழியாகக் கதிர்காமம் திரும்பினோம். 2008 தையில் புத்தல பகுதியில் ஒரு பயணிகள் பஸ் தாக்கப்பட்டு இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அந்த இடங்களைக் கடக்கும்போது பஸ்ஸுக்குள் கதை குறைந்தது. அவித்த சோளன் விற்கிற கடைகள் வந்த பிறகுதான் வாய் திறந்தது. சுடச்சுட, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டச் சாப்பிட்டோம்.

அந்த வீதியில் யானைகள் வாகனத்துக்காகக் காத்து நிற்கும். ஆட்கள் பழம் கொடுத்துப் பழக்கியதால் வந்த வினை. எங்களையும் ஒரு தனி யானை மறித்தது. சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை, விளக்கை மின்னவில்லை. கண்ணாடிகளை மூடிவிட்டுப் பேசாமல் இருந்தார். ஆசனத்துக்கு அடியில் கோயிலுக்கு வாங்கிய வாழைக்குலை. “பிள்ளையாரே, இது உன்ர தம்பிக்கு வாங்கினது, விட்டுடு” என்று பெரியம்மா முணுமுணுத்தார். யானை விலகிப் போனது. அடுத்த நாள் காலை அந்தக் குலையில் பாதியைக் கதிர்காமத்துக் குரங்குகள் கொண்டுபோயின என்பது வேறு கதை.

பின்னேரம் மாணிக்க கங்கையில் இறங்கினோம். ஆவணியில் தண்ணீர் முழங்காலளவுதான். உட்கார்ந்தால் கழுத்துவரை வரும். எங்களில் மூத்த அக்கா ஒருவரின் மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு, பிறகு பரணகம ஆணைக்குழு, 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒரு இடம் விடாமல் போனவர். எங்கே போனாலும் கையில் அந்தக் கோவை இருக்கும். இந்த முறை அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். இருட்டும்வரை தண்ணீரை விட்டு எழும்பவில்லை. கூப்பிட்டால், “கொஞ்சம் இரு மனே, இண்டைக்குத்தான் எனக்கு உடம்பு எண்டு ஒண்டு இருக்கிறது தெரியிது” என்றார்.

மறுநாள் காலை கோயிலில் அவர் மகனுக்காக நேர்த்திக் காசு கட்டினார். கோவையை வீட்டில் வைத்ததால் மகனை மறந்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறப்பது வேறு, ஒரு நாள் இளைப்பாறுவது வேறு. யாத்திரை, சுற்றுலா என்று போனால் “இவளுக்குக் கவலை போய்விட்டது” என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

மலையும் வந்த வழியும்

திஸ்ஸமகாராமவில் எருமைத் தயிர் பெயர் போனது. முட்டியோடு வாங்கி, கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டோம். நல்லதுதான். ஆனாலும் நம் மட்டக்களப்புத் தயிருக்கு ஈடில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானம் நிறைவேறும்போது முட்டியும் காலி!

வெல்லவாய தாண்டி எல்ல மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு சத்தி. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தும், இஞ்சித் துண்டைக் கடித்தும் ஏறினோம். வீதியோரத்திலேயே இராவணன் எல்ல நீர்வீழ்ச்சி. சத்தி எடுத்தவர்கள்தான் முதலில் இறங்கி ஓடினார்கள். தண்ணீர் தூவானமாக முகத்தில் அடிக்க, ஐம்பது வயதுப் பெண்கள் சின்னப்பிள்ளைகள் போல நின்றார்கள்.

தேயிலைத் தோட்டம் ஒன்றின் அருகில் கொழுந்து கொண்டுவந்த பெண்கள் நின்று கதைத்தார்கள். அவர்களில் ஒருவர் கடலை ஒரு நாளும் பார்த்ததில்லையாம். “கடல் சத்தம் போடுமா?” என்று கேட்டார். எங்களில் பலர் தேயிலைக் கொழுந்தை அன்றுதான் தொட்டோம். ஒரே நாடு, ஒரே மொழி, ஒரு பகல் தூரம்தான். ஆனாலும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பாதி ஆயுள் போயிருக்கிறது.

இரவு பதுளையில் ஒரு கோயில் மண்டபத்தில் அனுமதி கேட்டுப் படுத்தோம். குளிருக்கு யாரிடமும் கம்பளி இல்லை. கொண்டுவந்த சீலைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு கிடந்தோம்.

திரும்பியது ஏ5 வீதியால். பசறை, லுணுகல, பிபிலை, பதியத்தலாவை, மகா ஓயா என்று வந்து செங்கலடியில் முடியும். நம்மவர்களுக்கு அது பதுளை வீதி. மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளில் மூட்டுவலிக்காரர்கள் ஆசைதீரக் குளித்தார்கள். பிறகு கரடியனாறு, அதன்பின் செங்கலடிக் கறுத்தப்பாலம். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் புலிகள். மூட்டை முடிச்சைப் பிரித்துக் காட்டி, வெயிலில் நின்று, நடந்து கடந்த பாலம். இப்போது பஸ் நிற்காமல் கடந்தது. பின் ஆசனத்தில் சிலர் நித்திரை. எழுப்பிச் சொல்லலாமா என்று ஒருத்தி கேட்டாள். “வேணாம்கா, நித்திரை கொள்ளட்டும்” என்றார் மாமி. அந்தப் பாலத்தில் நித்திரையோடு போவதும் ஒரு சந்தோசம்தானே.

நீங்களும் போவதானால்

பயணம் என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். இதனால் சிறுநீர்த் தொற்று வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பஸ்ஸை நிறுத்த வேண்டும் என்று சாரதியிடம் முதலிலேயே பேசுங்கள். எரிபொருள் நிரப்பு நிலையம், கோயில், விகாரை எங்கும் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

மாதவிடாய்த் துணி, பழைய செய்தித்தாள், பிளாஸ்டிக் பைகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பையில் இருக்கட்டும். பிரஷர், சீனி வருத்தத்துக்கான மருந்துகளை ஒருவர் பொறுப்பெடுத்து நேரத்துக்குக் கொடுக்கட்டும். மாற்று ரயரைப் புறப்படும் முன் பாருங்கள். அடுப்போடு ரெகுலேட்டரையும் பாருங்கள். ஆற்றில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். யானைக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. சமையலுக்கு முறை வையுங்கள். வீட்டில் சமைத்துக் களைத்தவர் பஸ்ஸிலும் சமைத்துக் களைக்கக் கூடாது. எங்களோடு வந்த ஒரு சகோதரிக்கு மூன்று நாளும் முறை வராமல் பார்த்துக்கொண்டோம். இருபது வருடத்தில் மற்றவர் போட்டுத் தந்த சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை என்றார்.

எங்கள் குழு அடுத்த சேமிப்பைத் தொடங்கிவிட்டது. மகனைக் காணாமல் தேடும் அக்காதான் முதல் 500 ரூபாயைக் கட்டினார். இந்த முறை எங்கே போவது என்று கேட்டோம். “தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையளைக் கடலுக்குக் கூட்டிவருவம்” என்றார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.