அக்டோபர் முதல் மார்ச் வரை என்றொரு பொய்

இந்தியாவைச் சுற்றிப் பார்க்க எது நல்ல காலம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: அக்டோபர் முதல் மார்ச் வரை. பயணக் கையேடு அதைத்தான் சொல்கிறது. பேக்கேஜ் விற்பவர் அதைத்தான் சொல்கிறார். எல்.டி.சி. எடுத்து ஒருமுறை காசிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். வெயில் இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்றிருக்கும், தைரியமாகப் போய்வாருங்கள். இதில் ஒவ்வொரு வாக்குறுதியும் இந்த நாட்டின் ஏதாவதொரு மூலையில் பொய். சில மூலைகளில் உயிருக்கே உலை வைக்கிற பொய்.

நம் வாசலிலிருந்தே தொடங்கலாம். சென்னைக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் பாட்டிமார் சொன்னது வானிலை அறிக்கையைப் பார்த்தல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை மற்ற மாநிலங்களை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஈரத்தையெல்லாம் கேரளத்திலேயே இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக நம் பக்கம் வருகிறது. அக்டோபரில் காற்றின் திசை திரும்புகிறது. வடகிழக்கிலிருந்து வங்கக்கடலைக் கடந்து வரும் அந்தக் காற்று வழியில் குடித்த நீரையெல்லாம் நம் கரையில் கக்குகிறது. வட இந்தியாவில் மழை முடிந்த மாதம் நமக்கு மழை பிறக்கும் மாதம். இந்த எளிய உண்மையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அறியும். மகாபலிபுரத்துக்கும் ராமேசுவரத்துக்கும் நவம்பரில் ஆள் அனுப்புகிறவர்கள் மட்டும் அறிவதில்லை.

2015 டிசம்பர் 1 அன்று கொட்டிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு கரைபுரண்டு சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதைக்குள் புகுந்தது. நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது ஏறக்குறைய 95 செ.மீ. ஜெய்சால்மர் அவ்வளவு மழையைப் பார்க்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோக, உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்தார்கள். 1964-ல் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியதும், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டதும் டிசம்பர் 22 நள்ளிரவில்தான். வர்தா புயல் டிசம்பர், கஜா புயல் நவம்பர். வடக்கே போனால் ஒடிசாவைச் சிதைத்த 1999-ன் பெரும்புயல் அக்டோபர் 29, பைலின் 2013 அக்டோபர் 12, அடுத்த ஆண்டு அதே தேதியில் விசாகப்பட்டினத்தில் ஹூட்ஹூட். வங்கக்கடல் தன் சீற்றத்தின் பெரும்பங்கைச் சுற்றுலாக்காரர்களின் இந்த ‘நல்ல’ மாதங்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறது.

ஊட்டி மலை ரயிலையும் இங்கே சேர்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து, பாறை உருண்டு அந்த ரயில் அடிக்கடி ரத்தாவது வடகிழக்குப் பருவமழையின்போதுதான். உலகப் பாரம்பரியச் சின்னத்தில் ஏறலாமென்று வந்து, நிலையத்தில் ஒட்டிய அறிவிப்பைப் படித்துவிட்டு பஸ் ஏறுகிறவர்களிடம் கேளுங்கள், சீசன் எப்படி என்று.

சரி, தமிழ்நாடு விதிவிலக்கு, வட இந்தியாவுக்காவது இது பொருந்துமே என்பார்கள். பார்ப்போம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பஞ்சாபிலிருந்து பீகார் வரை சிந்து-கங்கைச் சமவெளி முழுவதும் மூடுபனிக்குள் போய்விடுகிறது. காற்று அசைவதில்லை, மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ள, கீழே குளிர்ந்த ஈரம் தரையோடு தங்கிவிடுகிறது. ரயில்கள் ஆறு மணி நேரம், பத்து மணி நேரம் தாமதம். டெல்லியில் விமானங்கள் ரத்து. விடியலில் தாஜ்மகாலைப் பார்க்க ஆக்ராவில் தங்குகிறவர் பத்து மணிவரை பார்ப்பது வெள்ளைச் சுவர் ஒன்றை. அது பளிங்கு அல்ல. ஜனவரிக்கு முன்னால் போகலாமென்றால் நவம்பர் இருக்கிறது: பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாள்களைக் கொளுத்தும் புகையோடு டெல்லியின் வாகனப் புகையும் கட்டடத் தூசியும் கலந்து தொண்டையில் இறங்கும் மாதம். 2019 நவம்பர் முதல் தேதி டெல்லியில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். பள்ளிக்கூடத்துக்கே பிள்ளைகளை அனுப்பக்கூடாத காற்றில், செங்கோட்டைக்கு நம் பிள்ளைகளைக் கூட்டிப் போவது எப்படி நல்ல காலமாகும்?

அக்டோபராவது தப்புமா? 2021 அக்டோபர் 18, 19 தேதிகளில் நைனிடால் பகுதி வரலாறு காணாத மழையில் துண்டிக்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழை ராஜஸ்தானின் மேற்கு ஓரத்திலிருந்து விடைபெறத் தொடங்கும் வழக்கமான தேதியாகப் பல காலம் இருந்தது செப்டம்பர் 1. 2020-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைச் செப்டம்பர் 17-க்கு மாற்றியது. மழை தாமதமாகத்தான் போகிறது என்பதை அரசுத் துறையே ஒப்புக்கொண்டு புதுக்கணக்கு எழுதிவிட்டது. பயணக் கையேடுகள் பழைய வரியையே அச்சடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு அதிகம் தோண்ட வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்களின் வருடம் இரண்டாகப் பிளந்திருந்தது. வெயில் ஏறியதும் வைஸ்ராய் சிம்லாவுக்கு, சென்னை கவர்னர் ஊட்டிக்கு. குளிர் வந்ததும் கீழே இறங்கி விருந்து, வேட்டை, அணிவகுப்பு. 1864 முதல் சிம்லா அதிகாரபூர்வக் கோடைத் தலைநகரம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் டெல்லி தர்பார் நடந்தது 1911 டிசம்பர் 12. ஐரோப்பியர்களுக்காக எழுதப்பட்ட கையேடுகள் குளிர்காலத்தையே பரிந்துரைத்தன. அவர்கள் உடம்புக்கு அது சரி. அவர்கள் பார்க்க விரும்பியது டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர். அந்தப் பாதைக்கும் பெரும்பாலும் சரி. தங்கள் ஊர்ப் பனியிலிருந்து தப்பி கோவா கடற்கரையில் வெயில் காய வருகிறவர்களுக்கு இன்றைக்கும் சரி. ஆனால் ஒரு லண்டன்வாசியின் வியர்வையை அளவுகோலாக வைத்து எழுதியதை வேலூரில் கத்திரி வெயிலைத் தாண்டி வளர்ந்த ஒருவர் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? நமக்கு 38 டிகிரி பழகிய எதிரி. ஜனவரியில் நான்கைந்து டிகிரிக்கு இறங்கும் அமிர்தசரஸ்தான் பழகாதது. தை அமாவாசைக்கு ஹரித்வாரில் முழுக்குப் போட எழுபது வயது அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், ஒற்றை ஸ்வெட்டரும் மப்ளரும் போதுமென்று நம்பிப் போகிறார்கள். அந்த ஊர் விடுதி அறைகளில் பெரும்பாலும் ஹீட்டர் இருக்காது. அடுத்த நாள் மருந்துக்கடை தேடுவதில் போகும்.

காஷ்மீரின் கதை இன்னும் வேறு. அங்கே நம் பருவமழைக்குப் பெரிய வேலையில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் கலக்கங்கள்தான் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனியும் மழையும் கொண்டுவருகின்றன. டிசம்பர் 21-ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்குச் சில்லை கலான் என்று பெயர். பனிச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கு அது திருவிழா. ஜம்மு நெடுஞ்சாலையில் நிலச்சரிவால் நிற்கும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அல்ல. லடாக்குக்கோ அக்டோபர் முதல் மார்ச் என்ற கணக்கு அப்பட்டமான எதிர்க்கணக்கு. இமயத்தின் மழை மறைவில் இருக்கும் லே நகருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது சுமார் 10 செ.மீ. ஈரம்தான். மணாலியிலிருந்து லே போகும் சாலை குளிர்காலம் முழுவதும் பனிக்குள் கிடந்து, கோடையில்தான் திறக்கிறது. நாடே மழையில் நனையும் ஜூலையில் வெயில் காயும் ஊர் அது.

மழைக்காலத்தை ‘ஆஃப் சீசன்’ என்று ஒதுக்குவதில்தான் எனக்குக் கோபம் அதிகம். உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் 1-ல் திறந்து அக்டோபர் 31-ல் மூடுகிறது. பூக்கள் உச்சத்தில் நிற்பது ஜூலை, ஆகஸ்ட் மழையில். சதாரா அருகே காஸ் பீடபூமி பூப்பது ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். ஜோக் அருவியை ஆகஸ்டில் பார்த்தவருக்கும் மார்ச்சில் பார்த்தவருக்கும் இடையே உரையாடலே சாத்தியமில்லை. இரண்டாமவர் பார்த்தது ஈரமான பாறை. நம் குற்றாலத்துச் சாரல் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து இறங்குவது ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. எல்லாவற்றையும் விட வேடிக்கை சிரபுஞ்சி. உலகத்தின் மிக ஈரமான இடங்களில் ஒன்று என்று படித்துவிட்டு, பரிந்துரைத்தபடி ஜனவரியில் போய் இறங்குகிறார்கள். அப்போது அங்கே அருவிகள் நூலாக இளைத்திருக்கும், ஊர்ப் பெண்கள் குடிநீருக்குக் குடத்தோடு நடந்துகொண்டிருப்பார்கள். மழையின் தலைநகருக்கு மழை இல்லாத நாளாகப் பார்த்துப் போவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

கோடைக்கும் இதே அநீதி. கன்ஹா, பாந்தவ்கர், ரந்தம்போர் காடுகளில் புலி கண்ணில் படும் வாய்ப்பு ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம். புதர் காய்ந்து பார்வை திறக்கிறது. குட்டைகள் வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீருக்குப் புலி வந்தே ஆக வேண்டியிருக்கிறது. டிசம்பரில் கம்பளி போர்த்திக்கொண்டு திறந்த ஜீப்பில் பனிக்குள் போனவர்கள் பார்ப்பது பெரும்பாலும் மான். மதுரைச் சித்திரைத் திருவிழா, திருச்சூர் பூரம், பூரி தேரோட்டம், லடாக்கின் ஹெமிஸ் விழா, ஆலப்புழையின் படகுப் போட்டி எல்லாம் கையேட்டின் கெட்ட மாதங்களில் வருகின்றன. அக்டோபரில் வந்து பிப்ரவரியில் கிளம்பிவிடும் விருந்தாளி, இந்தியாவில் ஒரு நல்ல மாம்பழம் சாப்பிடாமலே விமானம் ஏறுகிறார். இதைவிடப் பெரிய வழக்கு அந்தக் கையேட்டின் மீது தேவையா என்ன?

மறுபக்கம் இருக்கிறது, மறைக்கவில்லை. ராஜஸ்தான் கோட்டைகளுக்கும், கட்ச்சின் வெள்ளை உப்புவெளிக்கும், ஹம்பியின் பாறைகளுக்கும் குளிர்காலம்தான். பிரம்மபுத்திரா வெள்ளத்தால் மழைக்காலத்தில் மூடிக் கிடக்கும் காசிரங்காவுக்கும் அதுதான். மழைக்கால மலையேற்றம் விளையாட்டுமல்ல. 2013 ஜூனில் கேதார்நாத் வெள்ளம், 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு. எப்போதும் வறண்ட லேயில்கூட 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்து இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மூணாறில் குறிஞ்சி பூத்த 2018-ல் ஆகஸ்ட் வெள்ளம் மலைப்பாதைகளையே அறுத்துப் போட்டது. நான் சொல்வது ஆறு மாதத்தைத் திருப்பிப் போட்டு அடுத்த ஆறு மாதத்தை நல்லதென்று அறிவியுங்கள் என்பதல்ல. கன்னியாகுமரிக்கும் லடாக்கின் திராஸுக்கும் சேர்த்து ஒரே நல்ல காலம் சொல்லலாம் என்ற எண்ணமே தவறு என்பதுதான்.

பெரிய நாடு, ஆயிரம் ஊர், ஒரு சுருக்கமான விதியாவது வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: சுருக்கம் வேண்டுமானால் நம்மிடம் அதைவிட நல்ல ஒன்று பழையதாகவே இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான் முதற்பொருள் என்கிறது. முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று நிலத்துக்கேற்பப் பொழுதைப் பிரித்தது. அது கவிதைக்கான இலக்கணம், பயண அட்டவணை இல்லை. பழம்பெருமை பேச இதை இழுக்கவில்லை. நிலத்தைச் சொல்லாமல் பொழுதை மட்டும் சொன்னால் பொருள்படாது என்ற புரிதல் அதில் இருக்கிறது, நம் டூர் விளம்பரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பொய்யின் விலையை அதிகம் கொடுப்பது நடுத்தரத் தமிழ்க் குடும்பம். பள்ளி விடுமுறை நீளமாகக் கிடைப்பது ஏப்ரல் கடைசியிலும் மேயிலும்தான். அது ‘கெட்ட காலம்’ என்று நம்பவைக்கப்பட்டதால் மொத்தக் கூட்டமும் தெரிந்த இரண்டு மலைகளுக்குப் படையெடுக்கிறது. ஊட்டி மலைப்பாதையில் கல்லாறிலிருந்து பர்லியாறு வரை வண்டிகள் நகராமல் நின்று நின்று, கடைசியில் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்க வேண்டிவந்தது. அதே மே மாதத்தில் சிக்கிமின் யும்தாங் பள்ளத்தாக்கில் ரோடோடென்ட்ரான் பூத்து நிற்கிறது, கின்னோர் சாலை திறந்திருக்கிறது, காஷ்மீரில் மரங்கள் தளிர்த்து முடித்திருக்கின்றன, மத்தியப் பிரதேசத்துக் காட்டில் புலி தண்ணீருக்கு வருகிறது. ரயில் டிக்கெட் இரண்டு மாதத்துக்கு முன்னால் திறக்கும். இ-பாஸுக்கு விண்ணப்பிக்கும் அதே கைபேசியில் அதையும் பார்க்கலாம்.