மச்சானின் ஈயம்

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போனேன். முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக உட்கார்ந்திருந்தார். "உடம்பு பூரா ஈயமாம் மாப்பிள்ளே. கீலேஷன் எடுக்கறேன். 20 டிரிப், பேக்கேஜ்" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். கட்டமெல்லாம் சிவப்பு. முப்பது வருஷம் பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்த மனிதர். பேட்டரி உருக்கும் பட்டறைப் பக்கம்கூடப் போனதில்லை.

சிறுநீரை எப்போது பிடித்தார்கள் என்று கேட்டேன். முதலில் ஒரு மாத்திரை, சில மணி நேரம் கழித்துச் சிறுநீராம். அந்த மாத்திரையின் வேலையே உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளுவதுதான்! யாருக்குக் கொடுத்தாலும் எண் எகிறும். அதை மாத்திரை போடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டால் சிவப்பு வராமல் என்ன செய்யும்? நேராக ரத்தத்தில் ஈயம் பார்க்கலாம். பார்த்தால் பேக்கேஜ் விற்காது.

"இதய அடைப்பும் கரையுமாம்." கரையுமாம்! அமெரிக்காவிலும் கனடாவிலும், மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் சுமார் 1,000 பேரில் பாதிப் பேருக்கு கீலேஷனில் ஏற்றும் ஈ.டி.டி.ஏ. மருந்தையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத டிரிப்பையும் ஏற்றினார்கள். வாரம் ஒன்றாக 40. முடிவு 2024-ல் வந்தது. மருந்து ஏறியவர்களுக்கு ரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் இறங்கியது. ஆனால் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றில் சிக்கியவர்கள் மருந்து ஏறியவர்களில் 35.6 சதவீதம், ஏறாதவர்களில் 35.7. கொஞ்சம் பலன் தெரிந்ததாக 2013-ல் வந்த பழைய ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைச் சரிபார்க்கத்தானே இதையே நடத்தினார்கள்? நாற்பது ஊசி குத்தியும் 35.6, 35.7. மச்சானுக்கு 20 போதுமாம்.

"இயற்கையா நச்சை எடுக்குது, பக்கவிளைவே இல்ல." 1930-களில் ஜெர்மன் ரசாயனக்கூடத்தில் பிறந்த சரக்கு இயற்கையாம். அரசு ஆஸ்பத்திரி பிரஷர் மாத்திரைக்கு மட்டும் ஆயிரம் சந்தேகம் கேட்பார். பக்கவிளைவே இல்லையா? 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையனுக்கு இந்த ஈ.டி.டி.ஏ.வை ஏற்றினார்கள். கால்சியம் சேர்ந்த உப்புக்குப் பதில் சோடியம் உப்பு. அது ரத்தத்துக் கால்சியத்தை உருவிக்கொண்டது. பிள்ளையின் இதயம் நின்றுவிட்டது.

நிஜமாகத் தேவைப்படுகிறவர்கள் வேறு. ரத்தம் ஏற்றி ஏற்றி உடம்பில் இரும்பு சேர்ந்துபோன தலசீமியாக் குழந்தை, வயிற்றுத் தோலில் ஊசியைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் இரும்பை இழுக்கும் மருந்துப் பம்போடு படுத்திருக்கும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் பாதரசத்தோடு வேலை பார்த்தவர்கள், 2001-ல் அது மூடிய பிறகு இழப்பீட்டு உடன்பாட்டுக்கே 2016 வரை காத்திருந்தார்கள். அவர்களுக்கு யாரும் பேக்கேஜ் போடவில்லை.

நைஜீரியாவின் ஜம்ஃபாராவில் 2010-ல் ஈயம் நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கொன்றது. அங்கே கீலேஷன் மருந்து உயிர்களைக் காத்தது. ஆனால் ஈயம் படிந்த வீட்டு முற்றத்து மண்ணைச் சுரண்டி எடுக்காமல் மருந்தைத் தொடங்கவில்லை. ஈயம் வரும் வழியை அடைப்பதுதான் முதல் வைத்தியம்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். ரசம் அருமை. போன மாதம் திருவிழாக் கடையில் பேரம் பேசி வாங்கிய ஈயச் சொம்பில் வைத்ததாம். "வெள்ளீயமா, காரீயமா மச்சான்?"

"பளபளன்னு இருக்கே மாப்பிள்ளே" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.