ஹில்ஸாவும் இறாலும்

வங்காளிகள் வாதம் செய்வதற்கென்றே பிறந்தவர்கள் என்று சொல்லுவதுண்டு. நாம் அப்படிச் சொல்லத் துணிய மாட்டோம். சொன்னால் மறுப்பதற்கு ஒரு வங்காளி வருவார். அவரை மறுக்க இன்னொருவர் வருவார். தேநீர் ஆறிப் போகும். இந்த ஓயாத சம்பாஷணைக்கு அங்கே 'அட்டா' என்று பெயர். அதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள்.

மேற்கு வங்காளத்தில் எல்லா வாதங்களுக்கும் தாய் வாதம் கால்பந்து. கீதை படிப்பதைக் காட்டிலும் கால்பந்து ஆடுவது சுவர்க்கத்துக்குக் கிட்டிய வழி என்ற கருத்தை 1897-ல் சுவாமி விவேகானந்தர் சென்னையிலே எடுத்துரைத்தார். நம்மவர்கள் பக்தி சிரத்தையுடன் கேட்டுக் கொண்டிருந்தார்கள். வங்காளிகளோ பந்தை உதைத்தார்கள்.

அது சாமான்ய உதையா? 1911 ஜூலை 29-ல் கல்கத்தாவில் மோகன் பகான் கோஷ்டியார், கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்து வெள்ளைக்காரர்களை 2-1 என்று முறியடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றனர். பதினொருவரில் பத்துப் பேர் காலில் பூட்ஸ் கிடையாது! அவ்வருஷம் டிசம்பரிலேயே, தலைநகர் டில்லிக்கு மாறும் என்று சக்கரவர்த்தி அறிவித்தார். சரித்திராசிரியர்கள் அதற்கு வேறு காரணங்கள் கூறுகிறார்கள். நாம் வெறுங்காலுக்கும் கொஞ்சம் மதிப்புக் கொடுக்க விரும்புகிறோம்.

வெள்ளைக்காரனை ஜயித்தாயிற்று, இனி யாரோடு சண்டை போடுவது? 1920-ல் ஈஸ்ட் பெங்கால் கிளப் தோன்றி அக்குறையைத் தீர்த்தது. 1947-ல் தேசம் பிளவுபட்ட பிறகு, வீடு வாசல் இழந்து கிழக்கிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அதன் சிவப்பு மஞ்சள் கொடியே சொந்த ஊராயிற்று. அந்தக் கட்சி ஜயித்தால் ஹில்ஸா மீன். மோகன் பகான் ஜயித்தால் இறால். பத்திரிகை பார்க்காமல், அடுக்களை வாசனையைக் கொண்டே முடிவை அறியலாம். சைவ நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

பிரமுகர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. சுனி கோஸ்வாமி 1962-ல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து கோஷ்டிக்குத் தலைவர். அது போதாதென்று வங்காளக் கிரிக்கெட் கோஷ்டிக்கும் தலைவரானார். சௌரவ் கங்கூலி 2002-ல் லண்டன் லார்ட்ஸ் மாடத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். முன்னோர் பூட்ஸ் இல்லாமல் ஜயித்தார்கள். இவர் சட்டை இல்லாமல் கொண்டாடினார். தாகூர் 1913-ல் பெற்ற நோபல் பரிசின் பதக்கத்தை 2004-ல் சாந்திநிகேதனத்தில் திருடர்கள் கொண்டு போனார்கள். நல்ல வேளை, கவிதைகளை விட்டுச் சென்றார்கள்.

வேடிக்கைக்கும் ஓர் எல்லையுண்டு. 1980 ஆகஸ்டு 16-ல் ஈடன் தோட்டத்தில் இவ்விரு கட்சிகளும் ஆடியபோது மூண்ட கலவரத்தில், ஆட்டம் பார்க்க வந்த பதினாறு பேர் வீடு திரும்பவில்லை. அன்று எந்த அடுக்களையிலும் அடுப்பு எரிய மனம் வந்திராது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டார். ஊரே கொதித்தெழுந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, 18-ந் தேதி நடக்க இருந்த இவ்விரு கட்சிகளின் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ரசிகர்கள் வீட்டில் இருக்கவில்லை. மைதானத்து வாசலில் இரு கட்சிக் கொடிகளும் ஒன்றாக நின்று நியாயம் கேட்டன.

காலமெல்லாம் ஒருவரோடொருவர் சண்டையிட்டுப் பழகியவர்களுக்குச் சேர்ந்து நிற்பதும் எளிதாயிருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் பழையபடி வசை பாடிக் கொள்வார்கள். பேஷாகப் பாடட்டும்!