நனையட்டும் பாதம்... ஊறத்தான் கூடாது!

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச கையோடு ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு மாநாடு கூடும். 'மச்சி, கோயம்புத்தூர்ல கிளம்பி சைக்கிள்லயே கொச்சி போயிடலாமா?' கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். ட்யூப், பஞ்சர் கிட், குளூக்கோஸ், கூலிங் கிளாஸ்னு லிஸ்ட் நீளும். ஆனா, அந்த லிஸ்ட்ல யாருமே சேர்க்காத ஒரு அயிட்டம் உண்டு. உங்க ரெண்டு பாதம்!

'வெயில் காலம்தானே... கால்ல என்ன வந்துடப் போகுது?'னு கேட்காதீங்க பாஸ். மே மாசம் காலையில மண்டையைப் பிளக்குற வெயில் அடிக்கும். சாயங்காலம் இடி மின்னலோடு கோடை மழை கொட்டும். ஜூன் 1-ஐ ஒட்டி கேரளாவில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சுடும். வாளையாறைத் தாண்டினா எந்த நிமிஷமும் நனையலாம். ஒருதடவை ஷூவுக்குள்ள தண்ணி போச்சுன்னா, மிச்ச தூரம் முழுக்க 'சதக்... புதக்...'தான்.

சின்னதா ஒரு கணக்கு. நிமிஷத்துக்கு 70 தடவை பெடல் சுத்துறீங்கனு வெச்சுக்குவோம். மணிக்கு 4,200. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் கொச்சி போய்ச் சேர ஒன்பதரை மணி நேரம். கிட்டத்தட்ட 40,000 சுத்து! ஒவ்வொரு சுத்திலும் உங்க பாதம் ஷூவோடு ஒரு உரசல் போடுது. காய்ஞ்ச தோலைவிட ஈரத் தோலில் உரசல் அதிகம். காலையில சின்னதா உறுத்துற ஒரு தையல், மதியத்துக்குள்ள கொப்புளம்!

பாரீஸ்ல பெஞ்ச மழை

'லாங் டிஸ்டன்ஸ்' ஆசாமிகளுக்குத் திருவிழா மாதிரி ஒண்ணு இருக்கு. பாரீஸ் - ப்ரெஸ்ட் - பாரீஸ். 1891-ல் ரேஸாக ஆரம்பிச்சது, இப்போ நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்குது. சுமார் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். நடக்கிறது ஆகஸ்ட்ல, அதாவது பிரான்ஸ் நாட்டுக் கோடையில. ஆனா, 2007-ல் வருண பகவான் வேற கணக்கு போட்டுட்டார். மழையும் எதிர்க்காத்துமா வெளுத்து வாங்கினதில், கிளம்பின 5,000-க்கும் மேற்பட்டவங்களில் ஏறக்குறைய 30 சதவிகிதம் பேரால முடிக்க முடியலை.

அத்தனை பேரும் காலால தோத்தாங்கனு சொல்ல வரலை. தூக்கம், குளிர், முட்டி வலினு காரணம் ஆயிரம் இருக்கும். ஆனா, நாள் கணக்கில் ஈரத்தில் ஓட்டுறவங்க எல்லாருமே கத்துக்கிட்ட பாடம் ஒண்ணுதான்: காலை நனையாம காப்பாத்த முடியாது!

ஆமா, முடியவே முடியாது. மழை மேல இருந்து மட்டும் வர்றதில்லை. முன் சக்கரம் ரோட்டுத் தண்ணியை அள்ளி நேரா உங்க பாதத்தில் அடிக்குது. முழங்கால்ல இருந்து வழியுற தண்ணி சாக்ஸ் வழியா உள்ளே இறங்குது. பெடலோடு பூட்டிக்கிற சைக்கிளிங் ஷூவா இருந்தா, அடியில் இருக்கிற ஸ்க்ரூ ஓட்டை வழியாகவும் ஏறும். எல்லாத்தையும் அடைச்சு ரப்பர் கவர் மாட்டினா, நம்ம ஊர் புழுக்கத்துக்கு உள்ளேயே வியர்வை கொட்டும். மழையில நனையறதுக்குப் பதிலா வியர்வையில ஊறுவீங்க. ரெண்டும் ஒண்ணுதான்!

அப்போ என்னதான் வழி? நனையறது பிரச்னை இல்லை. நனைஞ்சபடியே இருக்கிறதுதான் பிரச்னை. இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டா போதும்.

வயல் சொன்ன பாடம்

தோலோட மேல் அடுக்கு ஸ்பாஞ்ச் மாதிரி. தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு உப்பி, வெளுத்து, மெதுமெதுன்னு ஆயிடும். அப்புறம் லேசா உரசினாலே கிழியும். விரல் இடுக்குல அது நடந்து, கூடவே கிருமியும் பூஞ்சையும் குடியேறினா அதுக்கு நம்ம ஊர்ல பேர் சேத்துப்புண். நடவு நடுற அக்காக்களைக் கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்வாங்க. கரையேறினதும் காலைக் கழுவித் துடைச்சு, மஞ்சளைக் குழைச்சுத் தடவுற பழக்கம் சும்மா வந்தது இல்லை.

இதே பாடத்தை அமெரிக்க ராணுவம் ரொம்பக் கஷ்டப்பட்டுக் கத்துக்கிச்சு. 1960-களின் கடைசியில் வியட்நாமில் மீகாங் டெல்டா வயல்களில் நாள் கணக்கில் நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வெளுத்து, வீங்கி, அடியெடுத்து வைக்க முடியாத வலி. முதல் உலகப் போர்ல பதுங்கு குழிகளில் வந்த கால் நோய்க்குக் குளிரும் ஒரு காரணம். இங்கே வெதுவெதுப்பான தண்ணியே வேலையைக் காட்டிடுச்சு. டாக்டர்கள் கண்டுபிடிச்ச மருந்து, தண்ணியே புகாத பூட்ஸ் இல்லை... நேரம்! தண்ணியில் தொடர்ந்து இருக்கிறதை சுமார் 48 மணி நேரத்தோடு நிறுத்தி, காலைக் காய விட்டாங்க. காய விட்டா பாதம் தானாகவே தேறிடும் என்பதுதான் சேதி.

நம்ம கொச்சி பயணம் போர்க்களம் இல்லைதான். ஆனா பாதத்துக்கு அது தெரியாதே!

காசு கம்மி... வேலை கில்லி!

இதுக்காக ஆயிரக்கணக்கில் செலவு பண்ண வேண்டாம். பாக்கெட் மணிக்குள்ள முடியுற விஷயங்கள்தான்.

முதல்ல, மட்கார்டு. ஸ்டைலா இருக்குன்னு அதைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுற ஹீரோக்களே... முன் மட்கார்டுதான் உங்க காலுக்குக் குடை. அதோட கீழ் முனை எவ்வளவு தாழ்வா இருக்கோ, அவ்வளவு நல்லது. எட்டலைன்னா காலி கூல் டிரிங்க்ஸ் பாட்டிலையோ, பழைய ட்யூபையோ வெட்டி ஒரு நாக்கு மாதிரி கட்டிவிடுங்க. வானத்துத் தண்ணியை நிறுத்தாது. ரோட்டுச் சேறை நிறுத்தும். ஈரத்தைவிட மோசம், ஈரத்தோடு சேர்ற மணல்!

அடுத்து, காலணி. பஞ்சு பஞ்சா உள்ளே மெத்தை வெச்ச ஸ்போர்ட்ஸ் ஷூ, மழைக்கு எதிரி. குடிச்ச தண்ணியை ரெண்டு நாளானாலும் விடாது. வலை வலையா துணி இருக்கிற மெல்லிய ஷூ பரவாயில்லை. அதைவிட பெஸ்ட், பின்னாடி ஸ்ட்ராப் இருக்கிற ஃப்ளோட்டர்ஸ். வந்த வேகத்தில் தண்ணி வெளியே போயிடும். மழை நின்ன கொஞ்ச நேரத்தில் காத்தே காய வெச்சிடும். வெளிநாட்டில் பெடலோடு பூட்டிக்கிற சாண்டலே விற்கிறாங்கன்னா பார்த்துக்கோங்க. ஒரு கண்டிஷன்: அடிப்பகுதி விறைப்பா இருக்கணும். வளையுற அடியா இருந்தா பெடல் பாதத்தைக் குத்தி மரத்துப்போக வைக்கும். ரப்பர் ஹவாய் செருப்பு... ப்ளீஸ், வேண்டாமே! ஈரத்தில் வழுக்கிட்டு எங்கேயோ போகும், நீங்க வேற எங்கேயோ போவீங்க.

சாக்ஸ்ல காட்டன் வேண்டாம். தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, சுருண்டு, விரலுக்கடியில் மடிப்பு போட்டுக்கும். மெல்லிசான நைலான், பாலியெஸ்டர் சாக்ஸ் சீக்கிரம் காயும். வசதி இருந்தா மெரினோ கம்பளி சாக்ஸ். ஈரத்திலும் 'சதசத'ப்பு குறைவு. எதுவானாலும் மூணு ஜோடி. மாத்து ஜோடிகள் ஜிப் பையிலோ, காய்ஞ்ச பால் கவரிலோ பத்திரமா இருக்கட்டும்.

கிளம்பறதுக்கு முன்னாடி விரல் இடுக்கு, குதிகால், பெருவிரல் பக்கவாட்டில் மெலிசா வாசலின். தண்ணி தோலுக்குள் ஊறுறதையும் தாமதப்படுத்தும், உரசலையும் குறைக்கும். நகத்தை ரெண்டு நாள் முன்னாடியே நேராக வெட்டிடுங்க.

டீ கடை வைத்தியம்

இனிமே முக்கியமான விஷயம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை எப்படியும் டீ குடிக்க நிப்பாட்டுவீங்க. அந்தப் பத்து நிமிஷம் ஷூவைக் கழட்டிடுங்க. சாக்ஸை முறுக்கிப் பிழியுங்க. காலை, விரல் இடுக்கு உட்பட, ஒரு சின்னத் துண்டால் துடைச்சு, பெஞ்சு மேல நீட்டி காத்தாட விடுங்க. டீ கடைக்காரர் முறைச்சா, ஒரு வடை சேர்த்து ஆர்டர் பண்ணுங்க. மழை விட்டிருந்தா புது சாக்ஸ். கொட்டிக்கிட்டே இருந்தா பிழிஞ்ச சாக்ஸே போதும்; காய்ஞ்ச ஜோடியை வீணாக்காதீங்க. ஒரு ஜோடி மட்டும் ராத்திரி தூக்கத்துக்குன்னு ரிசர்வ்டு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது, உயிர் நண்பன் கேட்டாலும்!

நேரம் ஆக ஆக பாதம் வீங்கும். அப்போ இறுக்கமான ஷூ, விரல் எலும்புகளுக்கு இடையில் இருக்கிற நரம்பை அமுக்கி, உள்ளங்கால் நெருப்பா எரியும். மழையால வந்த வலின்னு நினைச்சுடாதீங்க. லேஸை ஒரு சுத்து தளர்த்தினாலே நிம்மதி.

ராத்திரி தங்குற இடத்தில் ஷூவுக்குள் பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணிங்க. ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்துட்டு வேற பேப்பர். காலையில முக்கால்வாசி காய்ஞ்சிருக்கும். அடுப்பு பக்கத்தில் வெச்சா ஒட்டின பசை விட்டுப்போய், அடி தனி, ஷூ தனி!

ஊட்டி, வால்பாறை மாதிரி மலை இறக்கம்னா மட்டும் ஒரு விதிவிலக்கு. ஈரக் கால்ல குளிர்காத்து பட்டா விறைச்சுடும். சாக்ஸ் மேல பிளாஸ்டிக் கவர் மாட்டி இறங்குங்க. கீழே வந்ததும் மறக்காம கழட்டிடுங்க.

சீரியஸா ஒரு விஷயம்

தேங்கின தண்ணியில் காலை வைக்கும்போது ஜாக்கிரதை. எலியோட சிறுநீர் கலந்த தண்ணி, கால்ல இருக்கிற கீறல் வழியாவோ, ஊறிப்போன தோல் வழியாவோ உள்ளே போனா எலிக்காய்ச்சல் வரலாம். கேரளாவில் மழைக்காலம் வந்தாலே இதுக்கு எச்சரிக்கை கொடுப்பாங்க. பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு வாரத்தில் அறிகுறி தெரியும்: காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்கால்ல கடுமையான வலி.

இங்கேதான் சிக்கலே! நாம 'சைக்கிள் ஓட்டினோம்ல, அந்த வலி'ன்னு சொல்லிட்டு ஒரு மாத்திரையைப் போட்டுப் படுத்துடுவோம். தப்பு. பயணம் முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போங்க. போனதும் 'வெள்ளத் தண்ணியில கால் வெச்சேன்'னு முதல் வரியிலேயே சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகும். விட்டுட்டா சிறுநீரகம், கல்லீரல் வரைக்கும் போய் உயிருக்கே ஆபத்து. கால்ல வெட்டுக்காயம் இருந்தா, பிளாஸ்டர் போட்டு மூடிட்டுக் கிளம்புங்க. வெள்ளம் ஓடுற ரோட்டில் இறங்கித் தள்ளிட்டுப் போறதைவிட, வடியும்வரை காத்திருக்கிறதுதான் கெத்து.

வீட்டுக்கு வந்ததும் சோப் போட்டுக் கழுவி, துடைச்சு, ரெண்டு நாளைக்குக் காலைக் காத்தாட விடுங்க. விரல் இடுக்கில் அரிப்பு தொடர்ந்தா பூஞ்சைக்கான க்ரீம் பற்றி மருந்துக்கடையில் கேட்கலாம், குறையலைன்னா டாக்டர்.

ஸோ, இந்த லீவில் மழை வந்தா பிளானை கேன்சல் பண்ணாதீங்க. ஒரு சின்னத் துண்டு, மூணு ஜோடி சாக்ஸ், ஒரு டப்பா வாசலின்... மொத்த எடை அரைக் கிலோகூட வராது. லிஸ்ட்ல முதல் வரியில எழுதிக்குங்க!