வாக்கியத்தின் தலைவாசல்

இங்கிலாந்து தேசத்தில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒரு விசித்திரமான பெயரைக் கற்று வருகிறார்கள். 'ஃப்ரண்டட் அட்வெர்பியல்' என்பது அப்பெயர். ஒரு காரியம் எப்போது, எங்கே, எவ்விதம் நடந்தது என்று சொல்லும் தொடரை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்து வைத்தால் அதற்கு இந்தத் திருநாமம் கிடைக்கிறது. 2014-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் அமலுக்கு வந்த அரசாங்கப் பாடத்திட்டத்தில், நான்காம் வருஷத்து மாணவர்களுக்கு உரிய பகுதியில் இது இடம் பெற்றிருக்கிறது. அத்தொடருக்குப் பின்னால் கமா போட வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்த பாடம்.

2021-ஆம் வருஷ ஆரம்பத்தில், கொள்ளைநோயை முன்னிட்டு அங்கே பள்ளிகள் மூடிக் கிடந்தன. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்க நேர்ந்த தாய் தந்தையர் பலர் இப்பெயரைக் கேட்டுத் திகைத்தார்கள். பிறந்தது முதல் இங்கிலீஷ் பேசியவர்கள் அவர்கள்! பெற்றோரைச் சொல்வானேன்? 2016-இல் பள்ளிக்கூட மந்திரியாயிருந்த நிக் கிப், ஒரு வாக்கியத்தில் 'ஆஃப்டர்' என்பது எவ்வகைச் சொல் என்று வானொலியில் கேட்கப்பட்டபோது தவறான விடையே அளித்தார். அதனால் அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? பெயர் தெரிவது வேறு, பிரயோகம் தெரிவது வேறு.

நம் வீடுகளிலும் இங்கிலீஷ் கற்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வினையடையை முன்னால் வைக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தாய்மொழியே கற்றுத் தந்துவிட்டது. "மழைக்குப் பிறகு குளத்தில் தவளைகள் கத்தின" என்றும் சொல்லலாம், "தவளைகள் மழைக்குப் பிறகு குளத்தில் கத்தின" என்றும் சொல்லலாம். வினைமுற்று கடைசியில் காவல் நிற்கும் வரையில், மற்றவை இஷ்டம்போல் இடம் மாறிக்கொள்ளும்.

சங்கடம் இங்கேதான் பிறக்கிறது. தமிழில் இரண்டாவது வாக்கியமும் சரியல்லவா? அதே பழக்கத்தில் பிள்ளை, "ஐ எஸ்டர்டே டு தி மார்க்கெட் வென்ட்" என்று எழுதுகிறது. உபாத்தியாயர் சிவப்பு மையால் அடிக்கிறார். ஏன் அடித்தார் என்று சொல்வதில்லை. குழந்தை தன்னைப் புத்தியில்லாதது என்று நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது ஒரு பாஷையின் சட்டத்தை இன்னொரு பாஷைக்கு ஒழுங்காகவே பிரயோகித்திருக்கிறது!

இங்கிலீஷில் எழுவாயும் வினையும் தம்பதிகள் மாதிரி. நடுவில் நீண்ட தொடர் எதுவும் சாதாரணமாய்ப் புகுவதற்கில்லை. ('ஆல்வேஸ்', 'ஆஃபன்' போன்ற சிறு சொற்கள் மட்டும் சலுகை பெற்றவை.) ஆகவே காலத்தையும் இடத்தையும் சொல்லும் தொடர்கள் ஒன்று பின்னால் போக வேண்டும், அல்லது தலைவாசலுக்கு வர வேண்டும்.

இதை விளக்க நான்கு துண்டுக் காகிதம் போதும். 'தி ஃப்ராக்ஸ்', 'சேங்', 'இன் தி பாண்ட்', 'ஆஃப்டர் தி ரெயின்' என்று ஒவ்வொன்றில் எழுதிக் குழந்தையிடம் கொடுங்கள். முதல் இரண்டையும் ஒட்டிவிடுங்கள். மற்றவற்றை அது முன்னும் பின்னும் நகர்த்தி வாய்விட்டு வாசிக்கட்டும். பிறகு, "மழை எப்போது நின்றது என்று முன் வாக்கியத்தில் சொல்லியாயிற்று, இப்போது எதை முதலில் வைப்பாய்?" என்று கேளுங்கள். 'ஆஃப்டர் தி ரெயின்' தானாகவே முன்னால் வரும். முன் வாக்கியத்தோடு கைகோத்துக்கொள்ளவே அது வருகிறது. இந்தக் காரணத்தைச் சொல்லாமல் அலங்காரத்துக்காக முன்னால் வைக்கச் சொன்னால், கட்டுரையில் வரிக்கு வரி 'ஸடன்லி' என்று ஏதாவது திடுக்கிட்டுக்கொண்டே இருக்கும்.

கமாவைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட தொடராயின் போடுவதே நலம். 'டுடே' போன்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின் நல்ல எழுத்தாளர் பலர் போடுவதில்லை. பரீட்சைக்குப் போகும் பிள்ளை போட்டுவிடுவதே க்ஷேமம். ஆனால் "டவுன் கேம் தி ரெயின்" என்பதில் கமாவுக்கு இடமே இல்லை. அங்கே வினை எழுவாயை முந்திக்கொண்டு ஓடிவந்துவிட்டது. மழையை 'இட்' என்று சுட்டினாலோ, "டவுன் இட் கேம்" என்று மறுபடியும் பழைய வரிசை! 'நெவர்' முன்னால் வந்தால், "நெவர் ஹேவ் ஐ ஸீன்" என்று துணைவினை முந்தும். இவற்றைப் பத்து வயதுக்கு மேல் கதைப் புத்தகங்களில் கண்டுபிடிக்கச் சொன்னால் போதுமானது.

'ஃப்ரண்டட் அட்வெர்பியல்' என்ற பெயரைப் பரீட்சைக்கு முந்தின வாரம் சொல்லிக் கொடுக்கலாம். காகிதத் துண்டுகளை நகர்த்திப் பழகிய குழந்தைக்கு அதற்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.