கணக்கில் வராத ஏரிகள்

உறைந்து கிடக்கும் ஏரி. பனிக்கட்டிக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள். பனியில் ஓர் ஓட்டை போட்டு நெருப்பைக் காட்டுகிறார்கள். குப்பென்று ஆளுயரத்துக்குத் தீ கிளம்புகிறது. அலாஸ்கா பல்கலைக்கழக விஞ்ஞானி கேட்டி வால்டர் அந்தோணி குழுவினரின் வீடியோ இது. ஏரியின் அடியிலிருந்து வந்த மீத்தேன் எரிகிறது, அவ்வளவுதான் சங்கதி.

இதைப் பார்ப்பவர்கள் சட்டென்று இரண்டு கோஷ்டியாகப் பிரிந்துவிடுவார்கள். "மீத்தேன் குண்டு வெடிக்கப்போகிறது, உலகம் காலி" என்று அலறுவது ஒன்று. "ஏரியில் வாயு வருவது ஆதிகாலத்திலிருந்தே நடப்பதுதானே, இதற்கெல்லாமா கணக்கு?" என்று கொட்டாவி விடுவது இன்னொன்று. இரண்டு கோஷ்டிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே ஏரியை அளந்து பார்க்கத் தயாராக இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், அரசாங்கங்கள் இரண்டாவது கோஷ்டியில் சேர்ந்துகொண்டு நிம்மதியாகத் தூங்குவதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் கார்பன் சுழற்சி படம் நினைவிருக்கிறதா? மரம், மாடு, தொழிற்சாலை, கடல், நடுவே அம்புக்குறிகள். ஆறு என்றால் மலையிலிருந்து கடலுக்குப் போகும் ஒரு நீலக்கோடு. அதாவது வெறும் குழாய். ஒரு முனையில் ஊற்றியது மறு முனையில் அப்படியே வந்து விழும் என்ற நினைப்பு. விஞ்ஞானிகளும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

1991ல் ஜார்ஜ் கிளிங்கும் சகாக்களும் ஆர்க்டிக் அலாஸ்காவில் 29 நீர்நிலைகளை அளந்தார்கள். அவற்றில் 27 கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. துந்திரா நிலம் காற்றிலிருந்து கார்பனை உறிஞ்சிச் சேமிக்கிறது என்று சொல்லிவந்த கணக்கு 20 சதவிகிதம் வரை கூடுதலாக இருக்கலாம் என்று அப்போதே எழுதினார்கள். 1994ல் ஜொனாதன் கோல் குழு உலகெங்கும் 1835 ஏரிகளின் தகவல்களைத் திரட்டியது. மாதிரிகளில் 87 சதவிகிதம் காற்றோடு சமநிலைக்கு மேலான கார்பன் டை ஆக்சைடைச் சுமந்திருந்தன. மூடியைத் திறந்த சோடா பாட்டில்தான்!

அதே கோல் குழு 2007ல் மொத்தக் குழாயையும் கணக்குப் போட்டது. நிலத்திலிருந்து நன்னீருக்குள் வருவது ஆண்டுக்குச் சுமார் 190 கோடி டன் கார்பன். கடலைப் போய்ச் சேர்வது 90 கோடி டன். ஏரி அடியில் புதைவது 20 கோடி. மீதி 80 கோடி? வழியிலேயே காற்றில் போய்விடுகிறது. 2013ல் வந்த மதிப்பீட்டில் ஆறுகளும் ஓடைகளும் மட்டும் 180 கோடி டன், ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் 32 கோடி டன் என்று தொகை இன்னும் ஏறியது. குழாயாம் குழாய். இது சல்லடை!

இதில் குளிர்நாடுகளுக்கு ஏன் தனிக் கவனம்? முதல் காரணம், உலகின் ஏரிகள் பெரும்பாலும் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. கனடா, ரஷ்யா, ஸ்காண்டிநேவியா, அலாஸ்கா எல்லாம் பனியாறுகள் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்கள் நிறைந்த பூமி. இரண்டாவது, அந்த மண்ணில் கிடக்கும் சரக்கு. வடக்கின் நிரந்தர உறைமண்ணில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்றில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அது வெளியே வரும் விதம் எளிமையானது. பாசியும் இலைதழையும் மக்காமல் சேர்ந்த பீட் மண்ணில் நீர் ஊறி, தேயிலைச் சாயம்போல் பழுப்பாக இறங்குகிறது. ஓடையிலும் ஏரியிலும் பாக்டீரியா அதைத் தின்கிறது, வெயில் அதைச் சிதைக்கிறது, கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட மூச்சும் நிலத்தடி நீரில் கரைந்து வந்து, சின்ன ஓடையில் கல்லில் மோதிச் சலசலக்கும் இடத்தில் பறந்துவிடுகிறது. ஆக்சிஜன் எட்டாத ஏரிச் சேற்றில் பிறப்பது மீத்தேன். நீரில் கரைந்து மெல்ல மேலேறும் மீத்தேனில் பெரும்பகுதியைப் பாக்டீரியா வழியிலேயே தின்றுவிடும். குமிழியாகக் கிளம்பினால் பிடிக்க ஆளில்லை, நேராக வெளியேதான்.

இனி குளிர்காலம். பல மாதம் ஏரிக்கு மூடி போட்டாயிற்று. உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போகிறது. வசந்தத்தில் பனி உடையும் சில நாட்களில் அத்தனையும் வெளியே பாய்கிறது. வடக்கு சுவீடனில் அபிஸ்கோ அருகே ஆழமில்லாத ஓர் ஏரியில் அளந்தபோது ஆண்டு மீத்தேனில் ஏறக்குறைய பாதி பனி உருகும் பருவத்திலேயே வெளியேறியது தெரியவந்தது. கோடை விடுமுறையில் படகெடுத்துப் போய் நாலு மாதிரி எடுத்து வருடக் கணக்கு எழுதினால் எப்படியிருக்கும்? தீபாவளி வாரத்தை விட்டுவிட்டு ஜவுளிக்கடையின் ஆண்டு வியாபாரத்தை மதிப்பிட்ட மாதிரி இருக்கும்.

இப்போது அரசாங்கக் கணக்கு. ஒவ்வொரு நாடும் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் பசுமைக்குடில் வாயு அறிக்கையில், மனிதன் மேலாண்மை செய்யும் நிலம் மட்டுமே சேர்த்தி. அணை கட்டித் தேக்கிய நீர் விடும் மீத்தேனைக் கணக்கிட ஐ.பி.சி.சி.யின் 2019 வழிகாட்டி முறை வகுத்திருக்கிறது. பீட் நிலத்தை வடிக்க வெட்டிய வாய்க்காலுக்கும் 2013லேயே முறை வந்துவிட்டது. ஆனால் உறைமண் உருகிச் சரிந்து தானாக உண்டான ஏரி? அது "இயற்கை". விடுதலை!

அது என்ன இயற்கை? ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலக சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது. சூடாக்கியது புகைபோக்கிகளும் வண்டிகளும். சூட்டில் மண் உருகிப் பள்ளமானால் மட்டும் அது கடவுள் செயலா? வடக்கு சைபீரியாவின் உருகுநீர் ஏரிகள் 1974க்கும் 2000க்கும் இடையில் விரிந்ததில் அங்கு மீத்தேன் வெளியேற்றம் 58 சதவிகிதம் கூடியது என்று 2006ல் வால்டர் குழு கணக்கிட்டது. அந்தக் குமிழிகளின் கார்பனுக்கு வயது 35,000 முதல் 43,000 ஆண்டுகள். மாமூத் யானை மேய்ந்த காலத்துச் சரக்கு இன்றைய காற்றில் கலக்கிறது, பொறுப்பாளி யாருமில்லை.

இதைவிட மோசம் வரவுப் பக்கம். காடு வளர்கிறது, கார்பனை உறிஞ்சுகிறது என்று வரவு எழுதிக்கொள்ள மட்டும் போட்டி. அதே காட்டிலிருந்தும் சதுப்பிலிருந்தும் ஓடை தூக்கிக்கொண்டு போவதை யார் கழிப்பது? வடக்கு சுவீடனில் டெகெரோ ஸ்டோர்மிர் என்ற சதுப்புநிலத்தில் 2004லும் 2005லும் எல்லாவற்றையும் சேர்த்து அளந்தார்கள். காற்றிலிருந்து அது உறிஞ்சிய கார்பனில், ஓடையில் போனதையும் மீத்தேனையும் கழித்தபின் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சியது. கவனியுங்கள், அப்போதும் அது உறிஞ்சும் நிலம்தான். வரவு பொய்யில்லை, தொகைதான் பொய். சம்பளத்தைச் சொல்லிவிட்டு வாடகையை மறைக்கும் கதை.

"அளவீடுகளில் நிச்சயமில்லையே" என்பது அடுத்த சப்பைக்கட்டு. உண்மைதான், எல்லா ஏரியும் ஒரே மாதிரி இல்லை. அலாஸ்காவின் யூகான் சமவெளியில் பல ஏரிகள் நிலத்துக் கார்பனை ஏறக்குறைய தொடுவதே இல்லை என்று 2019ல் ஓர் ஆய்வு காட்டியது. வடக்கு அலாஸ்கா ஏரிகளிலிருந்து வருவது பெரும்பாலும் இளைய கார்பன், பழைய உறைமண் கார்பன் குறைவு என்று 2018ல் இன்னொன்று சொன்னது. "குண்டு வெடிக்கிறது" கோஷ்டி இதைப் படிக்க வேண்டும். சைபீரியாவின் ஒரு மூலையை வைத்து மொத்த ஆர்க்டிக்குக்கும் ஜல்லியடிக்க முடியாது. சதுப்பையும் குட்டி ஏரியையும் சேர்த்து ஒன்றையே இரண்டு முறை எண்ணும் தவறும் நடந்திருக்கிறது. அண்மைய உலக மீத்தேன் கணக்கில் அந்த இரட்டிப்பைத் தனியே கழித்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த உதாரணங்கள் எல்லாம் சொல்வது என்ன? அளந்ததால்தான் தவறு தெரிந்தது! தொகை நிச்சயமில்லை என்றால் பிழை எல்லையோடு எழுதுவதுதான் முறை. எழுதாமல் விட்டால் அதற்குப் பூஜ்யம் என்று அர்த்தம். அத்தனை மதிப்பீடுகளிலும் நிச்சயமாகத் தவறான எண் பூஜ்யம் ஒன்றுதான். வட அகலாங்கு 50 டிகிரிக்கு மேலுள்ள ஏரிகளும் குளங்களும் ஆண்டுக்குச் சுமார் 1.65 கோடி டன் மீத்தேன் விடுவதாக 2016ல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் ஏற்ற இறக்கம் இருக்கட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

"இயற்கை வாயுவை ஒரு நாட்டின் தலையில் கட்டுவது நியாயமா?" என்பது மட்டும் நல்ல கேள்வி. தலையில் கட்ட வேண்டாம். அபராதமும் வேண்டாம். அறிக்கையில் தனியாக ஒரு வரி, எங்கள் ஏரிகளும் ஓடைகளும் விட்டது இவ்வளவு என்று. போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று பார்க்க அந்த ஒரு வரி போதும். அதற்குப் பனிக்காலத்திலும், பனி உடையும் வாரத்திலும், பெயரில்லாத குட்டி ஓடையிலும் அளவுக்கருவி வேண்டும். காட்டுக்கு வரவு எழுதும்போது ஓடைச் செலவைக் கழிக்கும் நேர்மை வேண்டும்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் இலக்குகளுக்கு "இன்னும் இவ்வளவு புகை விடலாம்" என்று ஒரு மிச்சத்தொகை சொல்லப்படுகிறதே, ஏரிகள் கூடுதலாக விடும் ஒவ்வொரு டன்னும் அந்த மிச்சத்திலிருந்துதான் கழியும். அது எந்த நாட்டு அறிக்கையில் இருக்கிறது, இல்லை என்று காற்று பார்க்கப்போவதில்லை. குறைவது எல்லாருடைய பங்கும்தான், ஏரியே உறையாத ஊர்க்காரர்களுடையதும் சேர்த்து.